ஹட்டன் குளிரில் கொதித்த கம்ப்யூட்டர்: ஆறு ஃபேனும் வெளியே ஊதிய கதை

புதுசாக வாங்கிய கம்ப்யூட்டர் வேலை நடுவே சூடாகி நின்றுபோகிறதா? புரொசசரின் சூட்டை இறக்குகிற கூலரை மாற்று, இரண்டுக்கும் நடுவில் பூசுகிற பேஸ்டை மாற்று, பவர் சப்ளையை மாற்று என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களா? ஒரு ரூபாகூடக் கொடுக்க முன்னால் இதை வாசியுங்கள். நான் இதில் பட்டது கொஞ்சநஞ்சம் இல்லை. காசு போனது, ஒரு நல்ல வாடிக்கையாளர் போனார், பல ராத்திரி தூக்கம் போனது. எனக்கு அன்றைக்கு யாராவது பத்து நிமிசம் ஒதுக்கி, "முதலில் ஃபேன் எந்தப் பக்கம் ஊதுது என்று பார்" என்று சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது. அதனால்தான் எல்லாவற்றையும் நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

எங்கள் வீடு இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்குக் கிட்ட, கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறது. மாமா மகன் கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று வீடியோ எடுப்பார். எடிட்டிங் முழுக்க என் பொறுப்பு. பழைய லேப்டாப்பில் ஒரு கல்யாண வீடியோவை முடிக்க ராத்திரி பகலாக உட்கார வேண்டியிருந்தது. சீட்டுக் காசு எடுத்து, அம்மாவின் வளையலையும் அடகு வைத்து, நாலு லட்சத்துக்குக் கிட்டச் செலவழித்துக் கொழும்பில் ஒரு கடையில் புது மெஷின் பூட்டி எடுத்தோம். கம்ப்யூட்டரின் மூளையான புரொசசர் இன்டெல் ஐ7 12700எஃப், படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்ட் என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060. வெளிப்பெட்டி, முன்பக்கமும் இடது பக்கமும் முழுக்கக் கண்ணாடி போட்ட, மீன்தொட்டி கேஸ் என்று எல்லாரும் சொல்கிற வகை. வலது பக்கச் சுவரில் மூன்று ஃபேன், அடியில் இரண்டு, பின்னால் ஒன்று. ஆறும் கலர் கலராக எரியும். கடைக்காரரே எல்லாவற்றையும் பூட்டி, சுவிட்சைப் போட்டுக் காட்டித்தான் தந்தார். பார்க்க அவ்வளவு அழகு. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

சின்ன வேலைகளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆவணி பிறந்து கல்யாண வேலைகள் குவிந்ததும்தான் தொல்லை தொடங்கியது. எடிட் செய்த இரண்டு மணி நேர வீடியோவை ரென்டருக்கு, அதாவது ஒரே கோப்பாக உருவாக்கி எடுக்க, போட்டால் முதல் பத்து நிமிசம் நன்றாக ஓடும். பிறகு ஃபேன் எல்லாம் இரையத் தொடங்கும், வேகம் பாதியாகக் குறையும், கடைசியில் திரை கறுத்து மெஷின் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். புரொசசர் 98, 99, 100 பாகை என்று தொட்டுத் தொட்டு இறங்கியது. இந்தப் புரொசசருக்கு இன்டெல் போட்டிருக்கும் எல்லையே 100 பாகைதான். அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கிராபிக்ஸ் கார்ட் 86இல் நின்றது, அதன் எல்லை 93. அறைக்குள்ளே அப்போது வெறும் 17 பாகை. வெளியே விடாத மழை, நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் மெஷின் கொதிக்கிறது.

கடைக்குப் போன் பண்ணினேன். "தங்கச்சி, கொழும்புல வேர்த்து ஊத்துற எடத்திலயே இந்த மெஷின் ஓடுது. நீங்க ஹட்டன் பக்கத்துல இருந்துக்கிட்டு சூடுன்னு சொல்றீங்களே" என்றார். அந்தப் பேச்சு எனக்கு மிகவும் வலித்தது. படித்த பாகைக் கணக்கை எல்லாம் சொன்னேன், காதில் வாங்கவில்லை. வீட்டிலும் கடையிலும் எல்லாரும் திரும்பத் திரும்பச் சொன்னது இந்த ஒன்றைத்தான்: குளிர் ஊரில் எப்படிச் சூடாகும்? அறையில் எவ்வளவு குளிர் இருந்தாலும் அந்தக் காற்று கேஸுக்குள் போனால்தானே பலன்? உள்ளே போக வழி இல்லையென்றால் உள்ளே இருக்கிற காற்றுதான் சுற்றிச் சுற்றிக் காய்ந்துகொண்டே இருக்கும். இதை அப்போது எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லை.

மெஷினைக் கொண்டுவரச் சொன்னார்கள். போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று அத்தனை வளைவும் குலுங்கிக் குலுங்கிப் போனேன். இங்கே ஒரு விசயம்: மெஷினை பஸ்ஸிலோ கூரியரிலோ அனுப்பினால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாக எடுத்துச் செல்லுங்கள். பாரமான கார்ட் குலுங்கும்போது, அது செருகியிருக்கும் மதர்போர்ட் ஸ்லாட்டையே உடைக்கலாம். கடையில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, கொஞ்ச நேரம் ஒரு சோதனையை ஓட்டினார்கள். 80 பாகைக்குள்தான் நின்றது. "மெஷின்ல ஒண்ணுமில்ல, வேணும்னா பெரிய கூலர் போடலாம்" என்றார்கள். 18,500 ரூபாவுக்கு ஒரு இரட்டை ஃபேன் கூலர், 2,400 ரூபாவுக்கு தெர்மல் பேஸ்ட். கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் கண்ணாடியை மூடி ரென்டர் போட்டால் அதே கதை. முன்பு பத்து நிமிசத்தில் நின்றது இப்போது பதினைந்து நிமிசத்தில் நின்றது.

அந்தச் சோதனையில் இரண்டு கோளாறு இருந்தது, இரண்டையும் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, கண்ணாடியைத் திறந்துவைத்துச் சோதித்தார்கள். திறந்தால் காற்று நாலா பக்கமும் வரும், கேஸின் குறை தெரியவே தெரியாது. இரண்டு, சோதனை நேரம் போதாது. கூலரும் கார்டும் கேஸுக்குள் இருக்கும் காற்றும் முழுதாகச் சூடேற நேரம் எடுக்கும். உங்கள் உண்மையான வேலையையே, மூடிய கேஸில், குறைந்தது அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதன்பிறகு அதே வேலையைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். கழற்றியதும் வெப்பம் பத்து பாகைக்கு மேல் இறங்கினால் கூலரில் குற்றம் இல்லை, காற்றோட்டத்தில்தான் குற்றம். இந்தச் சோதனைக்கு ஒரு சதம் செலவில்லை. வீட்டில் நான் இதைச் செய்தபோது புரொசசர் 79க்கு இறங்கியது. கடையில் நடந்தது என்ன என்று அப்போதுதான் விளங்கியது.

ஆனால் அதற்குள் இழப்பு நடந்துவிட்டது. ஒரு கல்யாண வீட்டில் பொண்ணோட அண்ணன் தினமும் கேட்டுக்கொண்டே இருந்தார். பொண்ணும் மாப்பிள்ளையும் வெளிநாடு போக முன் வீடியோவை எதிர்பார்த்தார்கள். கொடுக்க முடியவில்லை. வாங்கிய முற்பணம் 30,000 ரூபாவைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் கோபப்படக்கூட இல்லை, "பரவாயில்ல தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு டவுனில் அந்தக் குடும்பத்தில் யாரையாவது கண்டால் நான் மறுபக்கம் திரும்பி நடந்தேன். அம்மாவின் வளையல் இன்னும் அடகில் இருந்தது. ராத்திரியில் ஃபேன் இரைகிற சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். வேலையையே விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

மிச்ச வேலைகளைக் கண்ணாடியைக் கழற்றி வைத்தே ஓட்டினேன். எங்கள் வீட்டில் விறகடுப்பு. புகையும் கரியும் நேராக மெஷினுக்குள் போனது. துடைக்க உட்கார்ந்தபோதுதான் அந்த விசயம் கண்ணில் பட்டது. வலது பக்க மூன்று ஃபேனுக்கும் முன்னால் ஒரு தூசு வடிகட்டி இருக்கிறது. வெளிக்காற்று அதன் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். அது வாங்கிய அன்று இருந்த மாதிரியே சுத்தமாக இருந்தது. பின்னால் கார்ட் ஸ்லாட்டுகளின் இடுக்கிலும், மேல் வலையின் ஓரங்களிலும், பலகைகள் சேரும் இடைவெளிகளிலும் கறுப்புக் கோடாகக் கரி படிந்திருந்தது. அப்படியென்றால் காற்று வடிகட்டி வழியாக வரவே இல்லை, கிடைத்த இடுக்கில் எல்லாம் புகுந்து வந்திருக்கிறது.

அப்பா தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற மாடியில் பல வருசம் வேலை செய்தவர். அங்கே நீளமான தொட்டிகளில் வலை விரித்து, அதன்மேல் கொழுந்தைப் பரப்பி, ஒரு முனையில் இருக்கிற பெரிய ஃபேனால் அடியிலிருந்து காற்றை ஏற்றுவார்கள். அவர் மெஷினை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "புள்ள, பேன் சுத்துறது ஒரு கணக்கே இல்ல. காத்து கொழுந்துக்குள்ள ஏறுதா இல்லியான்னு கைய வச்சுப் பாக்கணும். இதுல காத்து எங்க உள்ள போகுது?" என்று கேட்டார். சாமி படத்துக்கு முன்னால் இருந்து ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி எடுத்து வந்தேன். கண்ணாடியை மூடி, மெஷினை ஓடவிட்டு, பக்க ஃபேன்களுக்கு வெளியே பத்தியைப் பிடித்தேன். புகை உள்ளே இழுபடவில்லை, என் முகத்தில் அடித்தது. அடியில் பிடித்தேன், அங்கேயும் வெளியே தள்ளியது. பின்னால் பிடித்தால் அதுவும் வெளியே. ஆறு ஃபேனும் வெளியே மட்டும்தான் ஊதிக்கொண்டிருந்தன. (பத்தியை கேஸுக்கு வெளியே மட்டும் பிடியுங்கள், சாம்பல் உள்ளே விழக் கூடாது. டிஷ்யூத் தாளை மெல்லிசாகக் கிழித்துப் பிடித்தாலும் இதே வேலை நடக்கும்.)

ஏன் அப்படிப் பூட்டினார்கள் என்பதற்கு விடை ஃபேனின் உருவத்திலேயே இருக்கிறது. சாதாரண ஃபேனுக்கு இரண்டு முகம். ஒரு முகத்தில் இதழ்களும் லைட்டும் மறைவில்லாமல் அழகாகத் தெரியும். மற்ற முகத்தில் மோட்டாரைத் தாங்கும் பிளாஸ்டிக் கம்பிகள் குறுக்கே போகும், வயரும் அந்தப் பக்கம்தான் வரும். காற்று அழகான முகத்தில் நுழைந்து, கம்பிகள் உள்ள முகத்தால் வெளியேறும். பின்னால் பூட்டுகிற ஃபேனில் பிரச்சினை இல்லை, அழகான முகம் உள்ளே பார்த்தால் காற்று வெளியே போகும், அதுதான் தேவை. ஆனால் பக்கத்திலும் அடியிலும் உள்ள ஃபேன்கள் காற்றை உள்ளே கொண்டுவர வேண்டியவை. அவற்றின் அழகான முகம் கண்ணாடி வழியே தெரிய வேண்டும் என்று பூட்டினால் காற்று நேர்மாறாகப் போகும். எனக்கு நடந்தது அதுதான். அதிலும் அடியில் இருந்த இரண்டும் பெரிய கொடுமை. கிராபிக்ஸ் கார்டின் ஃபேன்கள் கீழிருந்து காற்றை மேலே இழுக்கின்றன. அவற்றுக்கு நேர் கீழே இருக்கிற இரண்டும் அதே காற்றைக் கீழே இழுத்து மேசையில் ஊதுகின்றன. கார்டுக்கு மூச்சுவிட எதுவும் மிஞ்சவில்லை.

பக்கத்துக்கும் அடிக்கும் என்றே இதழ்களைத் திருப்பிச் செய்த ரிவர்ஸ் ஃபேன்கள் கிடைக்கின்றன. அவற்றில் அழகான முகத்தால் காற்று வெளியே வரும். அதனால் முகத்தைப் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். பல ஃபேன்களின் சட்டத்தில் இரண்டு சின்ன அம்புக்குறி இருக்கும், ஒன்று சுழலும் திசை, மற்றது காற்றுப் போகும் திசை. அம்பு இல்லையென்றால் ஓடவிட்டுக் கையையோ தாளையோ வைத்துப் பாருங்கள். இன்னொன்று, வயரை மாற்றிச் செருகினாலோ செட்டிங்கில் எதையாவது மாற்றினாலோ இந்த ஃபேன்கள் எதிர்ப்பக்கம் ஊதாது. கழற்றித் திருப்பித்தான் பூட்ட வேண்டும்.

திருப்பிப் பூட்ட ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு மத்தியானமும் போதுமாக இருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வயர்கள் எதில் செருகியிருக்கின்றன என்று போனில் படம் எடுத்துக்கொண்டு தொடங்கினேன். பக்கத்தில் இரண்டும் அடியில் இரண்டும் உள்ளே ஊதும்படி திருப்பினேன். பக்கத்தில் இருந்த மூன்றாவதை எடுத்து மேலே, பின்பக்கத்துக்கு ஒட்டின இடத்தில் வெளியே ஊதும்படி பூட்டினேன். நாலு உள்ளே, இரண்டு வெளியே. மேலே முன்பக்கமாகப் பூட்டியிருந்தால் புதிதாக வந்த குளிர்க்காற்றை புரொசசரைத் தொட முன்னாலேயே வெளியே உறிஞ்சியிருக்கும். புரொசசர் கூலரின் ஃபேன் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்றும் பார்த்தேன், அது பின்பக்கத்தைப் பார்த்துச் சரியாகவே இருந்தது. உங்களுடையதில் அது முன்பக்கம் பார்த்து ஊதினால் அதையும் திருப்புங்கள். பிறகு, வேண்டுமென்றே, கடையில் வாங்கிய பெரிய கூலரைக் கழற்றிப் பழைய கூலரையே மாட்டினேன். கண்ணாடியை மூடி அதே கல்யாண வீடியோவை ஓட்டினேன். புரொசசர் 82 பாகை, கார்ட் 69. முடியும்வரை வேகம் குறையவே இல்லை. நான் அழுதுவிட்டேன். சந்தோசமும் ஆத்திரமும் சேர்ந்து வந்த அழுகை அது.

மலைநாட்டில் இருக்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு விசயம் சொல்ல வேண்டும். ஒன்று உயரம். ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. அதே வெப்பநிலையில் பார்த்தால் கடல்மட்டத்தை விட ஹட்டனில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, நுவரெலியாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அது தள்ளுகிற காற்று சுமந்துபோகும் சூடு அந்த அளவுக்குக் குறையும். சர்வர் கையேடுகளில் உயரம் கூடக் கூட அனுமதிக்கும் அறை வெப்பநிலையைக் குறைத்துப் போடுவதும் இதனால்தான். நம் குளிர் இந்தக் குறையை ஈடுகட்டி அதற்கு மேலும் உதவும். ஆனால் அது அறைக் காற்று ஒழுங்காக உள்ளே போகிற மெஷினுக்கு மட்டும். அதனால் "இங்கே குளிர்தானே" என்று கடைக்காரர் சொன்னால் அதோடு பேச்சை விட்டுவிடாதீர்கள்.

மற்றது கரியும் ஈரமும். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் எங்கள் பக்கம் மூடுபனியும் ஈரமும் விட்டுப்போவதே இல்லை. விறகுப் புகையின் கரி அந்த ஈரத்தோடு சேர்ந்தால் தூரிகைக்கு வராத பிசினாகக் கூலர் தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். இதற்குத்தான் உள்ளே வருகிற காற்று வெளியே போவதை விடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேதான் கசியும், தூசு வடிகட்டியில் மட்டும் பிடிபடும். வடிகட்டி காற்றைத் தடுக்கும் என்பதால் உள்ளே மூன்று, வெளியே மூன்று என்று சமமாக வைத்தாலும் நடைமுறையில் வெளியே போவதுதான் கூடிவிடும். மழைக்காலத்தில் நான் வடிகட்டியை அடிக்கடி கழற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுகிறேன். மெஷினைத் தரையில் வைப்பதில்லை, அடியில் காற்றுப் போக இடம்விட்டு மேசைமேல் வைத்திருக்கிறேன், அடுப்படிச் சுவரில் இருந்தும் தள்ளி. டயர் கடைக் கம்பிரசரில் ஊதி எடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் வரும். கையால் அழுத்துகிற ரப்பர் புளோவரும் மெல்லிய தூரிகையும் போதும். ஊதும்போது இதழ்களை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் கெடும்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கூலர் 18,500, பேஸ்ட் 2,400, திருப்பிக் கொடுத்த முற்பணம் 30,000, அதோடு பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, அடகு வட்டி. கூலரைப் பிறகு 11,000க்குத்தான் விற்க முடிந்தது. கடைக்காரரிடம் ஊதுபத்திப் படத்தைப் போனில் அனுப்பினேன். "அழகுக்காக அப்படிப் போட்டது" என்று பதில் வந்தது, காசு வரவில்லை.

போன மாதம் மாமா மகனின் நண்பர் ஒருவர் பண்டாரவளையில் ஸ்டூடியோ போட இதே மாதிரிக் கேஸில் மெஷின் சொல்லியிருந்தார். கடைக்கு என்ன எழுதி அனுப்ப வேண்டும் என்று என்னிடம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்: பக்கத்தில் உள்ளவை உள்ளே, அடியில் உள்ளவை உள்ளே, பின்னாலும் மேல் பின்பக்கமும் வெளியே. ஒவ்வொரு ஃபேனின் அம்புக்குறியும் தெரிய ஒரு படம், கண்ணாடி மூடிய நிலையில் அரை மணி நேரம் ஓட்டிய வெப்பநிலைப் படம் ஒன்று, இரண்டும் வந்த பிறகே மிச்சக் காசு. ரிவர்ஸ் ஃபேனுக்குக் கூடுதல் விலை ஆகும் என்று கடையில் சொன்னார்களாம். அவர் சாதாரண ஃபேனையே திருப்பிப் பூட்டச் சொல்லிவிட்டார். கண்ணாடி வழியே கம்பியும் வயரும் தெரிகிறது, கார்ட் 70 பாகையைத் தாண்டவில்லை என்று சொன்னார்.